தமிழ்நாட்டில் ஓட்டிப் பழகியவர் ஜெர்மனியில் கார் ஓட்ட: முழுமையான வழிகாட்டி

வேலைக்கோ படிப்புக்கோ ஜெர்மனிக்கு வரும் நம் ஆட்கள் கார் விஷயத்தில் முதலில் கேட்பது, "வலது பக்கம் ஓட்டுவது கஷ்டமா?" என்றுதான். பெரிய கஷ்டமில்லை, சில நாளில் கை பழகிவிடும். பழக நாளாவது வேறொன்று.

சென்னையிலோ மதுரையிலோ ஒரு நாற்சந்தியில் யார் முதலில் போவது என்பது அந்த இடத்தில், அந்த நொடியில் முடிவாகிறது. எதிராளியின் வேகத்தைப் பார்க்கிறோம். ஒரு ஹாரன் அடித்து வண்டியின் மூக்கைக் கொஞ்சம் நுழைக்கிறோம். அவர் தயங்கினால் நாம் போய்விடுகிறோம், தயங்காவிட்டால் பிரேக் போடுகிறோம். ஜெர்மனியில் அந்த முடிவு நீங்கள் சந்திப்புக்கு வரும் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. பலகையும் கோடும் சட்டமும் எடுத்துவிட்டன. உரிமை உள்ளவர் நீங்கள் நிற்பீர்கள் என்று நம்பி அதே வேகத்தில் வருவார். அவர் நம்பியபடி நீங்கள் நிற்காவிட்டால் மோதல்தான். உரிமை உங்களுக்கு இருக்கும்போது நீங்கள் பயந்து நின்றாலும் பின்னால் வருபவர் இடிக்க வாய்ப்புண்டு. இந்த வழிகாட்டி முழுக்க இந்த ஒரு பழக்கத்தை மாற்றுவது பற்றியதுதான், மற்றதெல்லாம் அதைச் சுற்றி வரும்.

முதல் படி: லைசென்ஸ் கணக்கைச் சரி செய்யுங்கள்

இந்திய லைசென்ஸை வைத்து ஜெர்மனியில் ஓட்டலாம், ஆனால் அங்கே குடியேறிய பிறகு 6 மாதம் மட்டுமே. அதற்கும் ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஒன்றோ, ஊரிலேயே ஆர்டிஓ ஆபீஸில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ கூட வேண்டும். விமானம் ஏறும் முன்பே அதை வாங்கிவிடுவது எளிது. 6 மாதம் தாண்டி ஓட்டினால் அபராதத்தோடு போகாது, லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டிய குற்றமாகவே கருதப்படும். விசா, வேலை என்று பல விஷயங்கள் தொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த வம்பு வேண்டாம்.

ஜப்பான், தென்கொரியா லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் தேர்வில்லாமல் மாற்றிக்கொள்ளலாம். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் எழுத்துத் தேர்வு, ஓட்டுநர் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். புதிதாகக் கற்பவருக்குக் கட்டாயமான வகுப்பு நேரங்கள் மட்டும் நமக்குக் கிடையாது. கண் பரிசோதனை, ஒரே நாளில் முடிகிற முதலுதவிப் பயிற்சி, லைசென்ஸ் அலுவலகத்தில் விண்ணப்பம், ஒரு டிரைவிங் ஸ்கூலில் பதிவு. இவற்றை வந்த இரண்டாம் மாதமே தொடங்கிவிடுங்கள், அலுவலகத்தில் கோப்பு நகர வாரக்கணக்கில் ஆகும்.

எழுத்துத் தேர்வில் 30 கேள்விகள். ஒவ்வொரு தவறான பதிலுக்கும் அதன் கனத்தைப் பொறுத்து பிழைப் புள்ளி ஏறும், 10 வரை பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் 5 புள்ளிக் கேள்விகள் இரண்டில் தவறினால் மொத்தம் 10தான் என்றாலும் தோல்வி. அந்த 5 புள்ளிக் கேள்விகளில் முன்னுரிமை பற்றியவையும் உண்டு. தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழில் இல்லை. ஓட்டுநர் தேர்வு 55 நிமிடம். டிரைவிங் ஸ்கூல் ஆசிரியர் பக்கத்தில் இருப்பார், தேர்வாளர் பின்சீட்டில் உட்கார்ந்து குறித்துக்கொண்டே வருவார். பத்து வருடம் ஓட்டியவர் என்றாலும் சில வகுப்புகளுக்காவது காசு செலவழியுங்கள். நாம் தவறு என்றே நினைக்காத பழக்கங்களைப் பக்கத்தில் இருக்கிற ஆசிரியர்தான் பிடிப்பார்.

இரண்டாம் படி: முன்னுரிமையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒரு சந்திப்பை நெருங்கும்போது கண் தேட வேண்டிய வரிசை இது: போலீஸ்காரர் நிற்கிறாரா? இல்லையென்றால் சிக்னல் வேலை செய்கிறதா? இல்லையென்றால் பலகை என்ன சொல்கிறது? பலகையும் இல்லையென்றால் வலப்பக்கம் யார் வருகிறார்கள்? மேலே இருப்பது கீழே இருப்பதை அடித்துவிடும். இரவில் பல ஊர்களில் சிக்னலை அணைத்துவிடுவார்கள் அல்லது மஞ்சள் மட்டும் மின்னும். அப்போது சிக்னல் கம்பத்திலேயே இருக்கிற பலகை உயிர் பெற்றுவிடும். பகலில் யாரும் கவனிக்காத பலகை இரவில் சட்டமாகிவிடுகிறது.

பலகைகளில் மூன்றை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். வெள்ளை விளிம்போடு மஞ்சள் சாய்சதுரம்: நீங்கள் முன்னுரிமைச் சாலையில் இருக்கிறீர்கள், ஓட்டிக்கொண்டே இருங்கள். தலைகீழ் முக்கோணம்: குறுக்கே வருபவருக்கு வழி விடுங்கள். எண்கோண ஸ்டாப் பலகை: சாலை காலியாக இருந்தாலும் சக்கரம் முழுவதும் நிற்க வேண்டும். உருண்டுகொண்டே போனால் தேர்வு அங்கேயே முடிந்தது.

இப்போது பலகையே இல்லாத இடம். நீங்கள் ஒரு குடியிருப்புத் தெருவில், 30 கிலோமீட்டர் வேக வரம்பு உள்ள மண்டலத்தில் போகிறீர்கள். உங்கள் தெரு அகலம், நேராக ஓடுகிறது. வலது பக்கம் ஒரு சின்னச் சந்து வந்து சேர்கிறது. நம் ஊர்க் கணக்கில் நீங்கள் மெயின் ரோடு, அவர் சந்து, அவர்தான் நிற்க வேண்டும். ஜெர்மனியில் அந்தச் சந்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. 'ரெஷ்ட்ஸ் ஃபோர் லிங்க்ஸ்' என்பார்கள், இடப்பக்கத்தவருக்கு முன் வலப்பக்கத்தவர். தெருவின் அகலத்துக்கு இதில் மதிப்பே இல்லை. அவர் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே வருவார், அது அகந்தையில்லை. வலப்பக்கச் சந்து ஒவ்வொன்றையும் நெருங்கும்போது காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்து பிரேக் மேல் வையுங்கள், தலையை நன்றாகத் திருப்பி வலப்பக்கம் பாருங்கள். யாரும் இல்லையென்றால் போய்க்கொண்டே இருங்கள். அதே இடத்தில் இடப்பக்கம் வருபவர் உங்களுக்காக நிற்பார். அவருக்காக நீங்களும் நின்று, "நீங்க போங்க" என்று கை காட்டிக்கொண்டிருக்க வேண்டாம். நம் ஊரில் மரியாதையாகத் தோன்றுவது அங்கே குழப்பமாகிவிடும்.

இதில் ஒன்று எனக்கு எப்போதும் வியப்பு. இந்தியச் சட்டமும் இதையேதான் சொல்கிறது. பிரதான சாலை என்று குறிக்கப்படாத சந்திப்பில் வலப்பக்கம் வருபவருக்கு வழி விட வேண்டும் என்று நம் சாலை விதிகளில் பல காலமாக இருக்கிறது. எல்எல்ஆர் தேர்வுக்குப் படித்தபோது நாமும் அதைப் படித்திருப்போம், ரோட்டில் பார்த்ததில்லை. பெரிய வண்டிக்கு முன்னுரிமை, முதலில் நுழைந்தவருக்கு முன்னுரிமை, ஹாரன் அடித்தவருக்கு முன்னுரிமை. இதுதான் நம் கையில் ஊறியிருக்கிறது. அதனால் புதுச் சட்டம் கற்கிறோம் என்று நினைக்க வேண்டாம், ஏற்கெனவே நம்மிடம் இருந்த சட்டத்தை முதல் முறையாக நம்பக் கற்கிறோம்.

ரவுண்டானாவும் அப்படித்தான். உள்ளே சுற்றுபவருக்கு உரிமை, நுழைபவர் நிற்க வேண்டும். நுழையும்போது இண்டிகேட்டர் போடக் கூடாது, வெளியேறும்போது கட்டாயம் போட வேண்டும். ஜெர்மனியில் நீங்கள் இடப்பக்கமிருந்து வருபவரைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் கண்ணுக்குப் புதிது.

'ஃப்ரீ லெஃப்ட்' பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்ப அனுமதி இல்லை. சிக்னலுக்குப் பக்கத்தில் பச்சை அம்புக்குறி போட்ட சின்னத் தகடு இருந்தால் மட்டும், முழுதாக நின்று பார்த்துவிட்டுத் திரும்பலாம். சிவப்பைத் தாண்டினால் 90 யூரோ அபராதமும், ஓட்டுநர் பதிவேட்டில் ஏறும் ஒரு தண்டனைப் புள்ளியும். சிவப்பு விழுந்து ஒரு நொடிக்கு மேலாகியிருந்தால் 200 யூரோ, 2 புள்ளி, ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடை.

மூன்றாம் படி: ஹாரனையும் லைட்டையும் மறுபடி கற்றுக்கொள்ளுங்கள்

நம் லாரிகளின் பின்னால் 'சவுண்ட் ஹாரன்' என்று எழுதியே வைத்திருக்கிறோம். நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்ல அது வேண்டியிருக்கிறது. ஜெர்மனியில் ஹாரன் ஆபத்தை உணர்த்தத்தான், ஊருக்கு வெளியே ஓவர்டேக் செய்யப்போவதை அறிவிக்கவும் சட்டம் அனுமதிக்கிறது. மற்ற நேரத்தில் அடித்தால் திட்டுவதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஹெட்லைட் விஷயம் இதைவிட முக்கியம். நம் ஊரில் எதிரே வருபவர் டிம்-பிரைட் அடித்தால், "நான் வருகிறேன், நீ நில்" என்று பொருள். ஜெர்மனியில் சந்திப்பிலோ குறுகிய தெருவிலோ ஒருவர் லைட்டை மின்னினால் பெரும்பாலும், "நான் நிற்கிறேன், நீங்கள் போங்கள்" என்றுதான் பொருள். நேர் எதிர்! நீங்கள் எச்சரிக்கையாக அடித்த லைட்டை அழைப்பாக எடுத்துக்கொண்டு ஒருவர் உங்கள் முன்னால் திரும்பிவிடுவார். ஆகவே முதல் சில மாதங்களுக்கு லைட் மின்னுவதையே விட்டுவிடுங்கள். அடுத்தவர் மின்னினாலும் அவர் வண்டி உண்மையிலேயே நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

சந்திப்பில் நேராகப் போக நாலு இண்டிகேட்டரையும் போடும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அதையும் மறந்துவிடுங்கள். அந்த விளக்கு அங்கே வண்டி பழுதாகி நிற்பவருக்கும், நெடுஞ்சாலையில் திடீரென்று நெரிசலின் வால் தெரிந்ததும் பின்னால் வருபவரை எச்சரிப்பவருக்கும் உரியது.

நான்காம் படி: திரும்பும் முன் தோளுக்கு மேல் பாருங்கள்

நம்மில் பலர் ஓட்டுநர் தேர்வில் விழுவது இங்கேதான். வலப்பக்கம் திரும்புகிறீர்கள். உங்களுக்கும் நடைபாதைக்கும் நடுவில் சைக்கிள் தடம். அதில் நேராகப் போகிற சைக்கிள்காரருக்கு உங்களைவிட முன்னுரிமை. அவர் கண்ணாடியில் தெரியாத மூலையில் இருப்பார், வேகமாகவும் வருவார். உள் கண்ணாடி, பக்கக் கண்ணாடி, இண்டிகேட்டர், அப்புறம் தலையைத் திருப்பி வலத் தோளுக்கு மேல் ஒரு பார்வை, பிறகுதான் ஸ்டியரிங். கண்ணை மட்டும் உருட்டினால் பின்சீட்டுத் தேர்வாளருக்குத் தெரியாது, தலை திரும்ப வேண்டும். பைக்குகள் இடமும் வலமும் புகுந்து வரும் ஊரில் ஓட்டிய நமக்கு இந்த எச்சரிக்கை புதிதல்ல. நம் ஊரில் எல்லாத் திசையிலும் பரவலாக இருக்கிற கவனத்தை அங்கே குறிப்பிட்ட நொடியில் குறிப்பிட்ட மூலைக்குக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவே.

நீங்கள் திரும்பி நுழையப்போகும் தெருவைக் கடக்கும் பாதசாரிக்கும் உரிமை உண்டு, அங்கே கோடே போட்டிருக்காவிட்டாலும். ஜீப்ரா கிராசிங் என்றால் கேட்கவே வேண்டாம். ஒருவர் கடக்கப்போகிறார் என்று தோன்றினாலே நிற்க வேண்டும். தவறினால் 80 யூரோவும் ஒரு புள்ளியும். சைக்கிளை ஓவர்டேக் செய்ய ஊருக்குள் ஒன்றரை மீட்டர், வெளியே 2 மீட்டர் இடைவெளி விட வேண்டும். இடமில்லையென்றால் பின்னாலேயே பொறுமையாகப் போக வேண்டும்.

ஸ்டாப்பில் ஹசார்டு லைட் போட்டு நிற்கும் பஸ்ஸை நடக்கும் வேகத்தில்தான் தாண்டலாம், எதிர்ப்பக்கம் வருபவரும் அப்படித்தான். பள்ளிப் பிள்ளைகள் ஓடி வருவார்கள் என்பதற்காக வைத்த விதி அது.

ஐந்தாம் படி: வேகமும் ஆட்டோபானும்

ஊருக்குள் 50, ஊருக்கு வெளியே 100. ஊர்ப்பெயர் எழுதிய மஞ்சள் பலகை வந்ததுமே 50 தொடங்கிவிடும், தனி வேகப் பலகை தேட வேண்டாம். விளையாடும் குழந்தை படம் போட்ட நீலப் பலகை இருந்தால் நடக்கும் வேகம். கேமராவுக்குச் சமாதானம் சொல்ல முடியாது, படத்தோடு கடிதம் வீட்டுக்கு வரும்.

ஆட்டோபானில், அதாவது ஜெர்மனியின் அதிவேக நெடுஞ்சாலையில், பல பகுதிகளில் உச்ச வரம்பு இல்லை என்பது உண்மை. பரிந்துரைக்கப்பட்ட வேகம் 130. ஆனால் அந்த வேகத்தைத் தாங்குவது ஒரே ஒரு ஒழுங்கு: வலது தடத்தில் ஓட்டு, இடப்பக்கம் ஓவர்டேக் செய், உடனே வலது தடத்துக்கே திரும்பி வா. நம் நாற்கரச் சாலையில் நடுக்கோட்டை ஒட்டிய வேகத் தடத்தில் லாரி ஆடி அசைந்து போகும், நாம் இடப்பக்கம் புகுந்து தாண்டுவோம். ஆட்டோபானில் அந்தப் பக்கம் யாரும் வரமாட்டார்கள் என்று நம்பித்தான் எல்லாரும் தடம் மாறுகிறார்கள். அதனால் உள்பக்கமாக, அதாவது வலப்பக்கமாக, ஓவர்டேக் செய்வது 100 யூரோவும் ஒரு புள்ளியும். இடத் தடத்துக்கு மாறும் முன் கண்ணாடியை இரண்டு முறை பாருங்கள். தூரத்தில் புள்ளியாகத் தெரிகிற கார் 200 கிலோமீட்டரில் வந்துகொண்டிருக்கலாம், நம் கண்ணுக்கு அந்த வேகத்தைக் கணிக்கும் பழக்கம் இல்லை.

முன் வண்டிக்கும் உங்களுக்கும் ஸ்பீடோமீட்டர் காட்டும் எண்ணில் பாதி, மீட்டரில், இடைவெளி விடுங்கள். 100 என்றால் 50 மீட்டர். நம் ஊரில் அத்தனை இடம் விட்டால் மூன்று பைக்கும் ஒரு ஆட்டோவும் புகுந்துவிடும். அங்கே அது காலியாகவே இருக்கும்.

நெரிசலில் வண்டிகள் ஊர ஆரம்பித்ததுமே, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும் வரை காத்திராமல், எல்லாரும் நடுவில் ஒரு வழி திறக்க வேண்டும். இடக்கோடித் தடத்தில் இருப்பவர் இடப்பக்கம் ஒதுங்குவார், மற்ற எல்லாரும் வலப்பக்கம். 'ரெட்டுங்ஸ்காஸ' என்று பெயர். முதல் முறை பார்க்கிறவருக்கு உடம்பு சிலிர்க்கும். நூற்றுக்கணக்கான வண்டிகள், யாரும் சொல்லாமல், நேர்கோடாகப் பிளந்து நிற்கும். செய்யாவிட்டால் குறைந்தது 200 யூரோ, 2 புள்ளி, ஒரு மாதத் தடை. நம் ஊரிலும் ஆம்புலன்ஸுக்கு எல்லாரும் மனதார வழி விடுகிறார்கள். வித்தியாசம், அங்கே வழி முன்கூட்டியே தயாராக இருக்கிறது.

வெளியேறும் வழியைத் தவறவிட்டால் அடுத்த வழி வரை போய்த்தான் ஆக வேண்டும். பைபாஸில் நாம் பார்க்கிற ரிவர்ஸும் ராங் சைடும் அங்கே நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. யாராவது எதிர்த்திசையில் வந்தால் ரேடியோவில் எச்சரிக்கை ஒலிபரப்புவார்கள். கார்களுக்குச் சுங்கம் கிடையாது. ஆனால் ஆஸ்திரியாவுக்கோ சுவிட்சர்லாந்துக்கோ போனால் அந்த நாட்டு நெடுஞ்சாலைக் கட்டண வில்லையை (ஸ்டிக்கரை) வாங்கிவிடுங்கள்.

ஆறாம் படி: நிறுத்துவது, குடி, போன், குளிர்

பார்க்கிங் இடத்தில் நீலத் தகட்டின் படம் இருந்தால், காரில் அட்டைக் கடிகாரம் ஒன்று வைக்க வேண்டும். வந்த நேரத்தை அடுத்த அரை மணிக்குத் திருப்ப வேண்டும். 10.10க்கு வந்தால் 10.30 என்று வையுங்கள், அந்த 20 நிமிடம் உங்களுக்கு லாபம். சூப்பர் மார்க்கெட் வாசலிலும் பல இடங்களில் இது கட்டாயம்.

ரத்தத்தில் மதுவின் வரம்பு ஜெர்மனியில் 0.5, அதாவது ஆயிரத்தில் அரைப் பங்கு. இந்திய வரம்பு 0.3. நம்முடையதுதான் கடுமை! ஆனால் அங்கே பிடிபட்டால் முதல் முறையே 500 யூரோ, 2 புள்ளி, ஒரு மாதத் தடை. 0.3க்கு மேல் இருந்து விபத்து நடந்தால் குற்ற வழக்காகவும் மாறலாம். போனைக் கையில் எடுத்தால் 100 யூரோவும் ஒரு புள்ளியும். புள்ளிகள் ஃப்ளென்ஸ்பர்க் நகரில் உள்ள பதிவேட்டில் ஏறும், 8 ஆனால் லைசென்ஸ் போய்விடும்.

பின்சீட்டிலும் பெல்ட் எல்லாருக்கும் கட்டாயம். 12 வயதுக்குட்பட்ட, 150 சென்டிமீட்டருக்குக் குறைவான பிள்ளைக்குத் தனி இருக்கை வேண்டும். ஊரிலிருந்து வந்த பாட்டி, "நான் மடியில வச்சுக்கிறேன்" என்றாலும் முடியாது.

பனியிலும் உறைந்த சாலையிலும் குளிர்கால டயர் கட்டாயம். மலையும் பனிச்செதிலும் வரைந்த குறி டயரில் இருக்க வேண்டும். அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை என்று மக்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள், அதையே நீங்களும் பின்பற்றுங்கள். எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் மேலுடுப்பு, முதலுதவிப் பெட்டி மூன்றும் காரில் எப்போதும் இருக்க வேண்டும்.

ஏழாம் படி: இடித்துவிட்டால்

நிறுத்தியிருந்த காரில் லேசாக உரசிவிட்டீர்கள், உரிமையாளரைக் காணோம். நம் ஊரில் ஒரு சீட்டில் போன் நம்பரை எழுதி வைப்பதே பெரிய மனசு. ஜெர்மனியில் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போவது போதாது. நியாயமான நேரம் காத்திருக்க வேண்டும், அவர் வராவிட்டால் போலீஸுக்குச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் விபத்து இடத்தைவிட்டு ஓடியதாகக் குற்ற வழக்கு வரும். போலீஸ் 110, ஆம்புலன்ஸும் தீயணைப்பும் 112. யார் மேல் தப்பு என்று நடுரோட்டில் வாதாட வேண்டாம், ஒப்புக்கொண்டு எழுதியும் கொடுக்க வேண்டாம். படம் எடுங்கள், எண்ணையும் இன்சூரன்ஸ் விவரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள், ஒரு வாரத்துக்குள் உங்கள் இன்சூரன்ஸுக்குத் தெரிவியுங்கள்.

கடைசியாக: லீவுக்கு ஊருக்கு வரும்போது

ஜெர்மனியில் நன்றாகப் பழகியவர்தான் ஊரில் முதல் இரண்டு நாளும் கவனமாக இருக்க வேண்டும். உரிமை உங்களுக்கே இருந்தாலும் அடுத்தவர் நிற்பார் என்று நம்பிப் போகாதீர்கள், கால் பிரேக் மேலேயே இருக்கட்டும். எதிரே லைட் மின்னினால் அவர் வருகிறார் என்று பொருள், போகச் சொல்லவில்லை. வளைவில் ஹாரன் அடியுங்கள். ஜீப்ரா கிராசிங்கில் ஒரு அம்மா கைப்பிள்ளையோடு நின்றால் கட்டாயம் நிறுத்துங்கள், ஆனால் ஜெர்மனியில் நிறுத்துவது போலச் சட்டென்று வேண்டாம். முதலில் பின்கண்ணாடியைப் பாருங்கள், தூரத்திலிருந்தே பிரேக்கை லேசாக மிதித்து விளக்கைக் காட்டுங்கள், ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி பின்னால் வரும் பஸ்ஸுக்குத் தெரியப்படுத்திவிட்டு நில்லுங்கள்.